செட்டிநாட்டுப் பழைய வீட்டில் வைஃபைக்கு எந்தச் சேனல்?

கேள்வி சுருக்கமாக இதுதான். கானாடுகாத்தானில் முன்னோர் கட்டிய வீடு. தெருப்பக்கம் முகப்பு, நடுவில் திறந்த முற்றமும் சுற்றிலும் அறைகளுமாக வளவு, அதற்குப் பின்னால் அடுப்படியுள்ள இரண்டாங்கட்டு. ஃபைபர் பெட்டி முகப்பில் இருக்கிறது. வளவில் உட்கார்ந்தால் ஓரளவு கிடைக்கிறது; இரண்டாங்கட்டு அடுப்படிப் பக்கம் ஆச்சி வீடியோ காலில் பேசினால் படம் உறைந்து நின்றுவிடுகிறது. போனில் ஓர் ஆப்பை இறக்கிப் பார்த்ததில் சேனல் 13க்கு எல்லா நட்சத்திரமும் காட்டுகிறது. ரவுட்டரில் இப்போது ‘ஆட்டோ’. 13க்கு மாற்றலாமா?

மாற்றினாலும் இரண்டாங்கட்டு சரியாகாது என்றே நினைக்கிறேன். சேனலை மாற்றினால் தீர்வது நெரிசல் மட்டும்தான். அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் உங்கள் ரவுட்டரும் ஒரே அலைவரிசைக்கு அடித்துக்கொண்டால் மாற்றுங்கள், பலன் தெரியும். சுவரும் தூரமும் சிக்னலைத் தின்பதற்குச் சேனல் மருந்தாகாது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கிறது. ஆகவே முதல் வேலை, உங்களுக்கு இருப்பது நெரிசலா, சுவரா என்று கண்டுபிடிப்பது. அரை மணி நேர வேலைதான், காசும் ஆகாது.

ஒரு லேப்டாப்பை ஃபைபர் பெட்டியின் லேன் துளையில் கேபிளால் நேராக இணைத்து வேகத்தைப் பாருங்கள். அங்கேயே வேகம் குறைவாக இருந்தால் குறை வெளியே இருந்து வரும் இணைப்பில். வைஃபையில் எதைத் தொட்டும் பயனில்லை. கேபிளில் சரியாக வருகிறது என்றால் போனை எடுத்துக்கொண்டு ஆச்சி உட்காரும் அதே இடத்துக்குப் போங்கள். ரவுட்டர் பக்கத்தில் நின்று சேனல் தேர்ந்தெடுப்பதுதான் பலரும் செய்யும் தவறு. அங்கே உங்கள் சிக்னல் எப்படியும் மற்றவர்களைவிடப் பல மடங்கு பலமாக இருக்கும். தொல்லை இருக்கும் இடத்தில் என்ன கேட்கிறது என்பதுதான் கணக்கு.

ஆண்ட்ராய்டு போனில் வைஃபைமேன் போன்ற இலவச ஆப் போதும். ஆண்ட்ராய்டு 9இலிருந்து ஓர் ஆப் இரண்டு நிமிடத்துக்கு 4 முறைக்கு மேல் காற்றைத் துழாவ முடியாதபடி கட்டுப்பாடு இருக்கிறது. அதனால் நடந்துகொண்டே பார்த்தால் பழைய எண்ணே திரையில் நிற்கும். ஆண்ட்ராய்டு 10ஓ அதற்குப் பிந்தையதோ உள்ள போன்களில் டெவலப்பர் ஆப்ஷன்ஸுக்குள் போய் ‘வைஃபை ஸ்கேன் த்ராட்லிங்’ என்பதை அணைத்துவிடலாம். அணைக்க விருப்பமில்லை என்றால் ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஐபோனில் மற்ற ஆப்களுக்கு இந்த அனுமதி கிடையாது. ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டியை இறக்கி, செட்டிங்ஸில் அதன் ஸ்கேனரை இயக்கினால் சேனலும் சிக்னலும் தெரியும்.

ஆப் காட்டும் சிக்னல் எண்கள் டெசிபல் (dBm) கணக்கில், எல்லாம் மைனஸில் இருக்கும். பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம். −50 நல்ல சிக்னல். −67 வரை வீடியோ கால் தடையில்லாமல் ஓடும். −75க்குக் கீழே போனால் வாட்ஸப் செய்தி போகும், படம் நிற்கும். −85 என்றால் பெயர் மட்டும் தெரியும், வேலை நடக்காது. 3 இறங்கினால் பலம் பாதி, 10 இறங்கினால் பத்தில் ஒரு பங்கு. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் சுவரின் பசியை நீங்களே அளந்துவிடலாம். வளவிலிருந்து இரண்டாங்கட்டுக்குப் போகும் கதவைச் சாத்தி, சுவருக்கு இந்தப் பக்கம் ஓர் அளவு, அந்தப் பக்கம் ஓர் அளவு எடுங்கள். இங்கே −58, அங்கே −72 என்றால் அந்த ஒரு சுவர் 14 டெசிபல் தின்கிறது. வந்த பலத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் மிச்சம்.

இனி அந்த இடத்தில் உங்கள் எண்ணையும் அயலார் எண்களையும் ஒப்பிடுங்கள். உங்களுடையது −79, அயலார் யாரும் −85க்கு மேல் இல்லை என்றால் அங்கே நெரிசல் என்ற பேச்சே இல்லை, எல்லாம் சுவர்தான். உங்களுடையது −60, அயலார் மூன்று பேர் −65இல் நிற்கிறார்கள், கால் அறுபடுகிறது என்றால் அது நெரிசல். சேனல் மாற்றினால் பலன் உண்டு. உறுதிப்படுத்த இன்னொரு சோதனை: லேப்டாப்பிலிருந்து ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, பிங் (சிறு செய்தி அனுப்பிப் பதில் வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) ஓட விடுங்கள். நல்ல வைஃபையில் பதில் 5 மில்லி செகண்டுக்குள் வந்துகொண்டிருக்கும். சிக்னல் நன்றாக இருந்தும் 3, 4, 180, 5, 240 என்று துள்ளினால் காற்றில் இடம் கிடைக்காமல் காத்திருக்கிறது என்று பொருள்.

இப்போது 13க்கு வருகிறேன். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை மொத்தமே 83.5 மெகாஹெர்ட்ஸ் அகலம். அதில் இந்தியாவில் 13 சேனல்கள். ஒவ்வொன்றின் நடுவும் அடுத்ததிலிருந்து 5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி இருக்கிறது: 1 என்பது 2412, 6 என்பது 2437, 11 என்பது 2462, 13 என்பது 2472. ஆனால் ரவுட்டர் பேசுவதற்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் வேண்டும். எனவே 13இல் நிற்பவர் 2462 முதல் 2482 வரை பரவி நிற்கிறார். 11இல் நிற்பவர் 2452 முதல் 2472 வரை. பாதிக்குப் பாதி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. ஆப் 13க்கு நட்சத்திரம் கொடுத்ததற்குக் காரணம், அந்த எண்ணில் யாரும் இல்லை என்பது மட்டும்தான். பக்கத்து வீடு 11இல் பலமாக இருந்தால் அந்த நட்சத்திரத்துக்கு மதிப்பில்லை.

பாதி ஏறிக் கிடப்பது முழுவதும் ஒன்றாக இருப்பதைவிட மோசம். பலரும் நம்ப மறுக்கும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வைஃபை கருவி எதுவும் பேசுமுன் காது கொடுத்துக் கேட்கும். அதே சேனலில் இன்னொரு வைஃபை பேசுவது −82 அளவுக்குக் காதில் விழுந்தால் போதும், அது முடிக்கும்வரை தானாக நிறுத்திக்கொள்ளும். அதாவது இரண்டு வீடும் 11இல் இருந்தால் முறை வைத்துப் பேசிக்கொள்கின்றன; வேகம் பங்கு போகிறது, ஆனால் பேச்சு சிதைவதில்லை. நீங்கள் 13இலும் அவர் 11இலும் இருந்தால் அவர் பேச்சு உங்கள் கருவிக்கு வைஃபையாகவே புரியாது, வெறும் இரைச்சல். இரைச்சலைக் கேட்டு நிறுத்திக்கொள்ள அது −62 அளவுக்குப் பலமாக இருக்க வேண்டும். −82க்கும் −62க்கும் நடுவில் விழும் அயலார் சிக்னல்தான் நம் வீடுகளில் மிக அதிகம். அந்த இடைவெளியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், இருவர் அனுப்பும் தகவல் பொட்டலமும் கெடும், இருவரும் மறுபடி அனுப்புவார்கள். ஆகவே 1, 6, 11 மூன்றில் ஒன்றில் நில்லுங்கள். 3, 4, 8, 9 என்று ‘காலியான’ எண்ணைத் தேடிப் போகிறவர் இரண்டு பக்கத்து ஆட்களோடும் மோதிக்கொள்கிறார்.

13இல் இன்னொரு தொல்லை, நம் ஊருக்கென்றே உள்ளது. அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவரும் லேப்டாப், பிரின்டர், டிவி ஸ்டிக் முதலியவற்றில் பல 12, 13 சேனல்களைப் பார்க்கவே பார்க்காது. அங்கே வழக்கத்தில் 11 வரைதான். எல்லோர் போனிலும் வைஃபை வருகிறது, விடுமுறைக்கு வந்தவர் கருவியில் மட்டும் பெயரே தெரியவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது சேனல் எண். அங்கிருந்து கொண்டுவந்த ரவுட்டராக இருந்தால் அதன் நாட்டு அமைப்பை இந்தியா என்று மாற்ற முடிகிறதா என்றும் பாருங்கள். 13இல் சட்டப்படி தடை ஏதும் இல்லை. சுற்றிலும் 11இல் யாரும் பலமாக இல்லை, வீட்டுக் கருவிகள் எல்லாம் இங்கே வாங்கியவை என்றால் தாராளமாக வைக்கலாம். ஆனால் அப்படி 11 காலியாக இருக்கும் ஊரில் 11ஐயே வைத்துவிடலாமே.

மூன்றில் எது என்பதை எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டாங்கட்டில் நின்று பார்க்கிறீர்கள், சேனல் 1இல் ஒரு −70, ஒரு −84; 6இல் ஒரே ஒருவர், ஆனால் −57; 11இல் நான்கு பேர், எல்லோரும் −88க்குக் கீழே. எண்ணிக்கைப்படி 6 நல்லது போலத் தோன்றும். சரியான விடை 11. −88இல் கேட்பவரை உங்கள் கருவி பெரும்பாலும் பொருட்படுத்தாது. 6இல் இருக்கும் அந்த ஒருவர் பேசும்போதெல்லாம் உங்கள் வீடு வாய் மூடி நிற்கும். சில ஆப்கள் ஒவ்வொரு ரவுட்டரும் தன் சேனல் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று அறிவிப்பதையும் காட்டும். அது கிடைத்தால் அதை நம்புங்கள். பத்து ரவுட்டர் சும்மா இருக்கும் சேனல், இரவெல்லாம் படம் ஓடும் ஒரே ரவுட்டர் இருக்கும் சேனலைவிட மேல். மைக்ரோவேவ் அடுப்பு 2450 மெகாஹெர்ட்ஸை ஒட்டி வேலை செய்வது. அடுப்படியில் அது ஓடும்போதெல்லாம் கால் அறுபடுகிறது, மற்றபடி 1உம் 11உம் சமம்தான் என்றால் 1ஐத் தேர்ந்தெடுங்கள்.

எண்ணைத் தேர்ந்த பிறகு ரவுட்டருக்குள் மூன்று மாற்றங்கள். சேனல் அகலத்தை ‘20/40’ என்றோ ‘ஆட்டோ’ என்றோ விடாமல் 20 என்று கட்டுங்கள். 2.4இல் 40 மெகாஹெர்ட்ஸ் எடுத்தால் பட்டையில் பாதியை ஒருவரே விழுங்குகிறார், வரும் வேகமோ அதற்கு ஈடாக இல்லை. பழைய ‘பி’ (802.11b) வைஃபை முறையில் மட்டும் இயங்கும் கருவி வீட்டில் எதுவும் இல்லையென்றால் அதை நிறுத்துங்கள். ஒவ்வொரு ரவுட்டரும் நொடிக்குச் சுமார் பத்து முறை தன் பெயரைக் கூவிக்கொண்டிருக்கும். ‘பி’ இயங்கும்வரை அந்தக் கூவல் 1 எம்பிபிஎஸ் என்ற ஆமை வேகத்தில் போகிறது. பெயர்கள் அதிகமானால் இதுவே காற்றை நிரப்பும். கடைசியாக, பாதுகாப்பு முறையில் ‘டிகேஐபி’ இருந்தால் ‘ஏஇஎஸ்’ ஆக்குங்கள். டிகேஐபி இருந்தால் புதிய கருவியும் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது.

‘ஆட்டோ’வில் விட்டால் என்ன என்று கேட்பீர்கள். மின்தடை இல்லாத ஊரில் பெரிதாகக் கெடுதல் இல்லை. ஆனால் பெரும்பாலான வீட்டு ரவுட்டர்கள் சேனலைத் தேர்ந்தெடுப்பது இயங்கத் தொடங்கும் அந்தச் சில நொடிகளில்தான். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் காலையில் நிறுத்தி மாலையில் கொடுக்கிறது. தெருவிலுள்ள ரவுட்டர்கள் எல்லாம் ஒரே நொடியில் கண் விழிக்கின்றன. ஒவ்வொன்றும் காதைத் தீட்டும்போது மற்றது இன்னும் பேசத் தொடங்கவில்லை, காற்று காலியாகத் தெரிகிறது. பல ரவுட்டர்கள் ஒரே சேனலில் போய் உட்காருவது இப்படித்தான். காலையில் நன்றாக இருந்த வைஃபை கரண்ட் வந்த பிறகு மந்தமாகிறது என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சேனலைக் கையால் கட்டுங்கள். முடிந்தால் ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டரிலோ, 12 வோல்ட் சிறிய யுபிஎஸ்ஸிலோ போடுங்கள். வாங்குமுன் அடாப்டரில் எழுதியுள்ள வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பங்காளிகள் சேர்ந்து அனுபவிக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் (மணமான குடும்பத்துக்கும்) தனித்தனி அறை இருப்பதுபோல, ஊருக்கு வந்துபோகும் வசதிக்காக ஆளுக்கொரு இணைப்பு போட்டுக்கொள்கிறார்கள். மூன்று ஃபைபர் பெட்டிகள், மூன்றும் முகப்பில், பக்கம் பக்கமாக, மூன்றும் ஆட்டோ. வெளியாரைவிட இந்த மூன்றும் ஒன்றையொன்று கெடுப்பதுதான் அதிகம். கூடிப் பேசி 1, 6, 11 என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெட்டிகளுக்கு நடுவில் நாலைந்து அடியாவது விடுங்கள். பக்கத்தில் ஒட்டி வைத்தால் சேனல் வேறாக இருந்தாலும் ஒன்றின் முழக்கம் மற்றதன் காதை அடைக்கும். இதைவிட நல்ல வழி, ஒரே நல்ல இணைப்பு வாங்கி வீடு முழுக்க ஒழுங்காகப் பரப்பிச் செலவைப் பங்கிடுவது. எப்படிப் பார்த்தாலும் இதுதான் மலிவும்கூட.

உங்கள் கேள்வியின் உண்மையான விடை 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறது. 2018இல் இந்திய அரசு 5150 முதல் 5350 வரையும், 5470 முதல் 5875 வரையும் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. 2.4இன் 83.5க்கு முன்னால் இது பெரிய பொட்டல். சேனல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத எண்களாகவே கொடுக்கப்பட்டிருக்கின்றன: 36, 40, 44, 48, பிறகு 52 முதல் 64, 100 முதல் 144, 149 முதல் 165. சுவர் இதை 2.4ஐவிட அதிகம் தின்னும் என்பது குறைபாடாகச் சொல்லப்படுகிறது. நம் வீடுகளில் அதுவே வரம். செங்கல்லும் சுண்ணாம்புமாய் ஒன்றரை அடி கனத்தில் எழுப்பிய சுவர்கள் பக்கத்து வீட்டு 5 கிகாஹெர்ட்ஸை வெளியே நிறுத்திவிடும். வளவுக்குள் ஒரு கருவி வைத்தால் அந்த வளவு முழுக்க உங்கள் ஒருவருக்கே. 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் வைத்துத் தைரியமாகப் பயன்படுத்தலாம்.

5இல் எந்த எண் என்பதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். 36 அல்லது 149. இரண்டையும் ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்து, அதே இடத்தில் அளந்து, நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். பல ரவுட்டர்கள் 149இல் கூடுதல் பலத்தோடு பேசுகின்றன, அதனால் அங்கே எட்டும் தூரம் சற்று அதிகம். 52 முதல் 144 வரை உள்ளவற்றில் ரேடார்களும் இயங்குவதால், பல ரவுட்டர்கள் அங்கே போகுமுன் ஒரு நிமிடமாவது பேசாமல் காத்திருந்து கேட்கும். ரேடார் என்று சந்தேகம் வந்தால் நடுவிலேயே சேனலை விட்டு ஓடும். விலை குறைந்த போன்கள், டிவி ஸ்டிக்குகள் சிலவற்றுக்கு அந்த எண்கள் தெரியவும் தெரியாது. அடுக்குமாடியில் வேறு வழியில்லாதபோது மட்டும் அங்கே போங்கள்.

ஒரே பெயரில் இரண்டு பட்டையும் வரும்படி ரவுட்டர் இருந்தால், போன் வளவில் இருந்துகொண்டே 2.4ஐப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும். சில நாட்களுக்கு 5க்குத் தனிப் பெயர் கொடுத்துச் சோதியுங்கள். எது எங்கே எட்டுகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

அடுத்து, முகப்பிலிருக்கும் பெட்டியிலிருந்து இரண்டாங்கட்டுக்கு எப்படிக் கொண்டுபோவது. ரவுட்டரின் பலத்தைக் கூட்டிப் பயனில்லை. ரவுட்டர் உரக்கப் பேசினாலும் போன் பேசும் பலம் அதைவிடக் குறைவு, அது கூடப்போவதில்லை. அதனால்தான் சில இடங்களில் போனில் கோடு நிறையத் தெரியும், ஆனால் எதிர்முனையில் உங்கள் குரல் கேட்காது. கேட்6 கேபிள் ஒன்றை இழுத்து, இரண்டாங்கட்டில் ஓர் ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் இணைப்பை வைஃபையாகப் பரப்பும் கருவி) வையுங்கள். இதுவே நிரந்தரத் தீர்வு. செம்புக் கேபிள் 100 மீட்டர் வரை போகும். இந்தத் தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீட்டுக்கும் அது போதும். கருவிக்கு மின்சாரமும் அதே கேபிளில் அனுப்பும் பிஓஇ வகை வாங்கினால் புதிதாகப் பிளக் பாயின்ட் போட வேண்டியதில்லை.

தயவுசெய்து சுவரைத் துளைக்காதீர்கள். கண்ணாடிபோல் பளபளக்கும் அந்தச் சுண்ணாம்புப் பூச்சில் டிரில் ஓட்டினால் ஓட்டையைச் சுற்றி ஓடு ஓடாகப் பெயரும். அதே பதத்தில் பூசித் தரும் கைகள் இன்று சிலரிடமே இருக்கின்றன. நிலைக்கு மேலுள்ள காற்றுத் துளை, கதவுச் சட்டத்தின் ஓரம், ஏற்கெனவே போன மின்வயர்ப் பட்டி, தாழ்வாரத்து உத்தரத்தின் மேல்புறம் என்று வழி பார்த்தால் ஆணி அடிக்காமலே கொண்டுபோய்விடலாம். மின்வயரோடு ஒரே குழாயில் திணிக்காமல் ஒரு சாண் தள்ளி இழுங்கள். மொட்டைமாடி வழியாகத்தான் போக முடியும் என்றால் அங்கே செம்பு வேண்டாம். கோடை இடி மின்னலில் மாடியில் கிடக்கும் நீண்ட செம்புக் கேபிள் மின் அதிர்வை வாங்கி இரண்டு முனையிலும் உள்ள லேன் துளைகளைச் சுட்டுவிடும். அந்தத் தூரத்துக்கு மட்டும் ஃபைபர் இழுத்து, இரண்டு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரைச் செம்புக் கேபிளோடு இணைக்கும் சிறு பெட்டி) வையுங்கள். இணைப்பு தரும் லைன்மேனிடம் பேசி, ஃபைபர் பெட்டியையே முகப்பிலிருந்து வளவுக்கு மாற்றச் சொல்வதும் நல்ல வழி. தெருவிலிருந்து கம்பி வரும் இடம் முகப்பு என்பதைத் தவிர பெட்டி அங்கே இருக்க வேறு காரணம் எதுவும் இல்லை.

கருவியை எங்கே வைப்பது? வளவுத் தாழ்வாரத்தில், தூணை விட்டு ஓரடி விலகி, ஏழு எட்டு அடி உயரத்தில். திறந்த முற்றத்தைத் தாண்டி நாலு பக்கத்து அறைக் கதவுகளும் நேராகத் தெரியும் இடமாக இருக்கட்டும். எல்லா அறையும் வளவைப் பார்த்தே திறப்பதால் அலை கதவு வழியாக உள்ளே போகும். பர்மாத் தேக்குக் கதவு சாத்தியிருந்தாலும் சுவர் அளவுக்குத் தடுக்காது. உள்ளறை, அதற்கும் உள்ளே இன்னோர் அறை என்று போனால் அங்கே எட்டாது, அதற்கு 2.4ஐ வைத்துக்கொள்ளுங்கள். இரும்புப்பெட்டி, பீரோ, பெரிய நிலைக்கண்ணாடி ஆகியவற்றுக்கு முன்னாலோ பின்னாலோ கருவியை வைக்காதீர்கள். கண்ணாடியின் பின்பக்கத்து வெள்ளிப் பூச்சும் உலோகம்தான், அலையைத் திருப்பி அடிக்கும்.

முற்றத்தின் மேல்திறப்பில் குரங்குக்குப் பயந்து கம்பி வலை அடித்திருந்தால் மாடிக்கு அந்த வழியாகச் சிக்னல் போகும் என்று நம்பாதீர்கள். 2.4இன் அலைநீளம் சுமார் பன்னிரண்டரை சென்டிமீட்டர், 5இன் அலைநீளம் அதில் பாதிக்கும் குறைவு. அரை அங்குலக் கண்ணுள்ள வலை இரண்டையுமே பெருமளவு தடுக்கும். கைவிரித்த அளவு இடைவெளியுள்ள கிராதி என்றால் இரண்டும் பெரும்பாலும் தாண்டிவிடும். வலை இருந்தால் மாடிக்குத் தனிக் கருவி வையுங்கள்.

உங்கள் வீட்டுக்கு என் கணக்கு இப்படி: முகப்புப் பெட்டியில் 2.4க்கு 1, 5க்கு 36. வளவில் வைக்கும் கருவியில் 6, 149. இரண்டாங்கட்டில் 11, 5க்கு மறுபடி 36. முகப்பு 36உம் இரண்டாங்கட்டு 36உம் ஒன்றையொன்று கேட்காது, நடுவில் இரண்டு கனமான சுவர்கள் நிற்கின்றன. அயலார் நிலவரத்தை அளந்த பிறகு 1, 6, 11 வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றிலும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் வையுங்கள். நடந்து போகும்போது போன் தானாகத் தாவும். தாவாமல் பழையதையே பிடித்துக்கொண்டிருந்தால் 2.4இன் பலத்தை ‘மீடியம்’ ஆக்குங்கள்.

கேபிளே முடியாது என்றால் மெஷ், அதாவது ஒன்றிலிருந்து ஒன்று வாங்கி வைஃபையைப் பரப்பும் கருவித் தொகுப்பு. அதில் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் காற்றில்தான், பெரும்பாலும் எல்லாமே ஒரே 5 கிகாஹெர்ட்ஸ் சேனலில். அதனால் ஒவ்வொரு தாவலிலும் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். இரண்டாவது கருவியைச் சிக்னல் செத்த இடத்தில் வைக்காமல் −65க்குக் குறையாத இடத்தில் வையுங்கள். வளவுக்கும் இரண்டாங்கட்டுக்கும் நடுக்கதவு நேராகத் தெரியும் இடமே பொருத்தம். ஐப்பசி கார்த்திகை மழையில் சுவர் ஈரம் குடித்தால் தடுப்பு இன்னும் கூடும், ஆகவே வெயில் காலத்தில் விளிம்பில் நிற்கும் அளவை நம்பிவிடாதீர்கள்.

பூட்டியிருக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்ள வைஃபை கேமரா வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பின்கட்டில் −80இல் தொங்கும் ஒரு கேமரா, நாள் முழுக்க மிகக் குறைந்த வேகத்தில் படத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். அது மெதுவாகப் பேசும் நேரமெல்லாம் அந்தச் சேனலில் மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும். முகப்பில் ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் வேகம் வரவில்லை என்றால் அந்தக் கேமராவைச் சற்று நேரம் அணைத்துப் பாருங்கள். அதற்கும் கேபிள்தான் தீர்வு. ரவுட்டரில் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் செருகியிருந்தால் அதையும் கழற்றிப் பாருங்கள். அந்த வகைக் கேபிள்கள் 2.4 பட்டையிலேயே இரைச்சல் விடுகின்றன.

காரைக்குடி நகருக்குள், வரிசை வீடுகளிலும் போர்ஷன் போர்ஷனாக வாடகைக்கு விட்ட கட்டடங்களிலும் இருப்பவர்களுக்கு நிலைமை தலைகீழ். அங்கே சுவர் நாலரை அல்லது ஒன்பது அங்குலம், மேலும் கீழும் பக்கத்திலும் ரவுட்டர். அவர்களுக்குத்தான் சேனல் தேர்வு முழுப் பலன் தரும். 2.4ஐ கேமரா, பிரின்டர் போன்றவற்றுக்கு ஒதுக்கி, போனையும் டிவியையும் 5க்குக் கொண்டுபோங்கள். 5இல் 80க்குப் பதில் 40 அகலம் வைத்தால் 36, 44, 149, 157 என்று நான்கு தனி இடம் கிடைக்கும். அளப்பது இரவு 8 மணியிலிருந்து 10 மணிக்குள் இருக்கட்டும், பகல் 11 மணிக் காற்று வேறு கதை சொல்லும்.

ஊர்ப்புறத்திலும் காலம் பார்த்துத்தான் அளக்க வேண்டும். ஆண்டின் பெரும்பகுதி தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. கல்யாணம், பிள்ளையார் நோன்பு, நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கல் என்றால் எல்லா வீடும் திறக்கிறது, ஆளுக்கொரு ஹாட்ஸ்பாட்டும் எழும்புகிறது. ஆடியில் அளந்து வைத்த 2.4 சேனல் தையில் பொருந்தாது. கூட்டம் வந்த முதல் நாள் மாலை ஒருமுறை அளந்து மாற்றிக்கொள்ளுங்கள், வந்தவர்களிடம் வீட்டு வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைக் கொடுத்து ஹாட்ஸ்பாட்டை அணைக்கச் சொல்லுங்கள்.